லித்தியம் 300 மி.கி. மாத்திரை: குறுவை வெயிலுக்குத் தாங்குமா?

மிதமிஞ்சிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்கு (bipolar) 1949 முதல் புழங்கும் மருந்து. விலை மலிவு, தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் இதற்கு நிகர் குறைவு. ஆனால் மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி கொஞ்சம்தான்: ரத்தத்தில் லித்தியம் இருக்க வேண்டிய அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல். 1.5-ஐத் தாண்டினால் வம்பு.

மன்னார்குடிப் பக்கம் நடவு வயலில் வியர்த்துக் கொட்டினால், சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இடுப்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் அளவை ஏற்றிவிடும், பாராசிட்டமால் பரவாயில்லை. நீராகாரத்தில் வழக்கமாகப் போடும் உப்பைத் திடீரென நிறுத்தவே கூடாது.

கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்தே லித்திய அளவுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும் (பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்). தைராய்டு, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பரிசோதனை 6 மாதத்துக்கு ஒருமுறை. வாந்தி, தள்ளாட்டம், கைநடுக்கம் கூடினால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.