நுண்கடனா, சிக்கனக் கடனுதவு சங்கமா?

யாழ்ப்பாணத்தில் குருநகர், நாவாந்துறைப் பக்கம் தையல் மெசின் வாங்கவோ கருவாட்டு வியாபாரம் தொடங்கவோ நினைக்கிற பெண்கள் பலர், நிதி நிறுவனம் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கிற சிறு கடனான நுண்கடனுக்கும், உறுப்பினர்கள் தாங்களே சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுக்கிற சிக்கனக் கடனுதவு சங்கத்துக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள்.

வேகம்: நுண்கடன் சில நாட்களில் கைக்கு வரும். சங்கத்தில் முதலில் பங்குப் பணம் கட்டி, கொஞ்சக் காலம் சேமித்துக் காட்ட வேண்டும்.

வட்டி: 2018 இல் இலங்கை அரசு நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35% என்று உச்சவரம்பு வைத்தது. வரம்பே அவ்வளவு என்றால் பாருங்கள்! சங்க வட்டி பொதுவாக நன்றாகக் குறைவு.

கட்டுக்காசு: நுண்கடன் என்றால் தவணை வாங்கக் கிழமைக்கொரு முறை வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும், கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத கிழமையும்தான். குழுவில் ஒருத்தி தவறினால் மற்றவர்கள் தலையில் விழும்.

தலைமை: சங்கத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு. பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசித்து, கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய பொருளாளர், நாளைக்கு ஒழுங்கையில் வடிகால் அடைத்தால் மாநகர சபைக்குப் போய்ப் பேசத் தயங்கமாட்டார். நுண்கடனில் இதற்கு இடமே இல்லை. ஆனால் வருடக்கணக்கில் ஒரே ஆள் கதிரையை விடாத சங்கமும் உண்டு. சேருமுன் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

ஓடர் கையில் இருக்கிறது, மூன்று மாதத்தில் அடைத்துவிடலாம் என்றால் சிறு நுண்கடன் சரி. நின்று தொழில் செய்யச் சங்கம். பழைய கடனை அடைக்கத்தான் என்றால் இரண்டும் வேண்டாம்.