வான்கூவர் மழையா, ரெஜைனா குளிரா?

கனடாவுக்குள்ளேயே ஊர் மாற நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது குளிர் எப்படி என்றுதான். மேற்குக் கரையில் வான்கூவர், சமவெளியில் சஸ்காட்சுவான் மாகாணத்து ரெஜைனா, இரண்டிலும் சில குளிர்காலங்களைத் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: குளிரை விடுங்கள், வெளிச்சம் எப்படி என்று கேளுங்கள்.

வான்கூவரில் ஜனவரியில்கூடச் சராசரி 4 டிகிரி இருக்கும். ஆனால் பசிபிக்கின் ஈரக்காற்று வடக்கு மலைகளில் முட்டி நவம்பரிலிருந்து மார்ச் வரை மழையாகவே இறங்கும். கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற நம்மூர் மழை இல்லை, நாள் முழுக்க நசநசவென்று தூறல். டிசம்பரில் நாலேகாலுக்கே பொழுது சாய்ந்துவிடும்.

ரெஜைனாவில் மைனஸ் 30 வரும், பொய் சொல்ல மாட்டேன். இரவில் காரின் இன்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரை பிளக்கில் சொருக மறந்தால் காலையில் வண்டி கிளம்பாது, நானும் ஒருமுறை மறந்து பாதி நாள் சம்பளத்தை இழந்திருக்கிறேன். ஆனால் அந்தக் குளிரிலும் பளீரென்று வெயில் அடிக்கும். மழையும் பனியும் சேர்த்தே ஆண்டுக்கு 400 மி.மீ. தொடாது, வான்கூவரில் அதைப்போல மூன்று மடங்கு.

சமவெளியில் பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள். சரி, மலை இல்லை, ரெஜைனா நகரத்து மரங்கள்கூட ஆள் வைத்து நட்டவை. ஆனால் வானம் இருக்கிறது. கோடையில் இடிமழை வருவதை வெகுதூரத்திலேயே பார்த்து, கொடியில் காயும் துணியை நிதானமாக எடுத்துவிடலாம். ஜூலையில் கனோலா என்ற எண்ணெய்வித்து வயல் மஞ்சள், பக்கத்திலேயே ஆளி பூத்து நீலம். அப்புறம், நம்மூர்க் கடைகளில் விற்கும் மைசூர் பருப்பில் கணிசமானது இந்த மாகாணத்தில் விளைந்ததுதான்! ஒரே குறை, இதெல்லாம் உழுத நிலம். அசல் புல்வெளியைப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே அமெரிக்க எல்லையை ஒட்டிய கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குத்தான் போக வேண்டும்.

வாடகை பற்றிப் பேசவே வேண்டாம், வான்கூவரில் கீழ்த்தள அறைக்குக் கொடுக்கும் காசுக்கு இங்கே தோட்டத்தோடு வீடு கிடைக்கும்.

எனக்கு ரெஜைனாதான், மீன் ஒன்றைத் தவிர. வான்கூவர் பக்கத்து ஸ்டீவ்ஸ்டன் மீன்பிடித் துறையில் படகிலிருந்தே சால்மன் வாங்கிப் பழகியவனுக்கு, அந்தக் கரையிலிருந்து சாலை வழியே சுமார் 1,700 கி.மீ. தள்ளி உட்கார்ந்து உறைந்த மீனில் குழம்பு வைப்பது இன்னும் மனசுக்கு ஒட்டவில்லை.