ஒழுகும் கோப்பைக்கு 4,400 யென்

முதல் நாள் இரவு கோப்பையைத் தூக்கினால் மேசையில் ஈர வட்டம். துடைத்தேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் வட்டம். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விரிசல் எதுவும் இல்லை. 4,400 யென் கொடுத்து ஓட்டைக் கோப்பையைத் தலையில் கட்டிக்கொண்டோமே என்று வயிறெரிந்தது.

வாங்கிய ஊர் ஹாகி, ஜப்பானின் யாமகுச்சி மாநிலத்தின் கடலோரம். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கொரியாமீது படையெடுத்தபோது அங்கிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்கள் தொடங்கிவைத்த தொழில். மோரி பிரபுக்கள் 1604இல் ஹாகிக்கு வந்து கோட்டை கட்டினார்கள். சூளைகளும் அவர்கள் ஆதரவில் வளர்ந்தன. தேநீர்க் கிண்ண வகைகளில் முதலாவது ராக்கு, இரண்டாவது ஹாகி, மூன்றாவது கராட்சு என்று ஜப்பானில் ஒரு சொலவடையே உண்டு. என்னுடையது தேநீருக்கானது இல்லை. சாக்கே என்கிற அரிசி மது குடிக்கும் குய்னோமி. ஒச்சோக்கோ என்கிற சின்னக் கிண்ணத்தைவிடப் பெரிது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

சரி, ஒழுகலுக்கு வருவோம். கடைக்காரர் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தார். நான்தான் பிரித்துப் பார்க்கவில்லை. குடிக்கும் முன் தண்ணீரில் ஊறவையுங்கள், கசிந்தால் நீர்த்த அரிசிக் கஞ்சியில் கொதிக்கவிடுங்கள் என்று எழுதியிருந்தது. ஹாகி மண் இளக்கமானது, அதிகம் இறுகாது. மேலே பூசிய மெருகும் ஆறும்போது மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்குவதால் மயிரிழை வெடிப்புகள் விடும். அதன் வழியாகத்தான் கசிவு. அம்மாவிடம் போனில் சொன்னேன். "புதுச் சட்டியப் பழக்காம புழங்குவாங்களாடா? வடிகஞ்சிய ஊத்தி வை" என்றார். துண்டுச்சீட்டில் இருந்ததும் அதேதான். (எதற்கான கோப்பை என்று அம்மாவுக்குத் தெரியாது. டீக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.)

கஞ்சியில் இரண்டு முறை கொதித்த பிறகு கசிவு நின்றது.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. வாங்கும்போது வெளிறிய இளஞ்சிவப்பு. இன்று உள்பக்க வெடிப்புகளில் பழுப்பு ஏறி, காய்ந்த ஏரியின் தரை மாதிரி தெரிகிறது. விளிம்பில் நான் வாய் வைக்கும் இடம் மட்டும் கொஞ்சம் கருத்திருக்கிறது. இப்படி நிறம் மாறுவதை 'ஹாகியின் ஏழு மாற்றம்' என்பார்கள். எனக்கு இரண்டு மாற்றம்தான் கண்ணில் பட்டது.

வெதுவெதுப்பான ஜுன்மாய் (தனியாக ஆல்கஹால் சேர்க்காத) சாக்கேக்கு இதைவிட நல்ல கோப்பை என் வீட்டில் இல்லை. சுவர் தடிமன் என்பதால் விரல் சுடாது, சூடும் சீக்கிரம் இறங்காது. ஆனால் வாசனைக்காகவே காய்ச்சும் தாய்கின்ஜோ வகை சாக்கேயை ஜில்லென்று இதில் ஊற்றினால் பாதி வாசம் காணாமல் போகிறது. அதற்கு மெல்லிய கண்ணாடியே மேல்.

குறைகளும் உண்டு. அடிவளையத்தில் மெருகு இல்லை, மணல் மாதிரி நறநறக்கும். என் மர மேசையில் மூன்று கீறல். அந்த வளையத்தில் ஒரு வெட்டு இருக்கும். குறையுள்ள பொருள் என்று காட்டி, பிரபுவுக்கென்று செய்ததைச் சாதாரண மக்களுக்கும் விற்க அப்படி வெட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நன்றாக இருக்கிறது, மேசைக்குத்தான் ஆகவில்லை. அப்புறம், சோப்பில் ஊறப்போட்டுவிடாதீர்கள், வாசனையைக் குடித்துக்கொள்ளும். ஒருமுறை ஈரம் காயாமல் பெட்டியில் வைத்துப் பூசண வாடை வந்து, திரும்பக் கொதிக்கவைத்தேன். நன்றாகக் காய இரண்டு மூன்று நாள் பிடிக்கிறது, மழைக்காலத்தில் இன்னும் கூட.

மரப்பெட்டிக்குத் தனியாகக் காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்னுடையதில் இப்போது ஊறுகாய் ஸ்பூன்கள் கிடக்கின்றன.