சோபியாவில் எடுத்த வாடகைக் கார்: மூன்று நாள் பயண அனுபவம்

பல்கேரியத் தலைநகர் சோபியாவின் விமான நிலையத்தருகே ஒரு சிறு நிறுவனத்தில் கார் வாடகைக்கு எடுத்து, ரிலா மடாலயம், பிளோவ்திவ், வெலிகோ தர்னோவோ ஆகிய ஊர்களை மூன்று நாள்களில் சுற்றி வந்தோம். வண்டியைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. ஷிப்கா கணவாயின் ஏற்றத்திலும் அது திணறவில்லை.

பல்கேரியாவில் 2019 முதல் சாலைக் கட்டண வில்லையைக் கண்ணாடியில் ஒட்டுவதில்லை. வண்டி எண்ணுடன் இணையத்தில் பதிவாகும் அந்த விக்னெட்டைக் கேமராக்கள் சரிபார்ப்பதால், அது பயண நாள்கள் முழுவதற்கும் செல்லுபடியாகும் என்பதை ஊழியர் எங்களுக்குக் காட்டிய பிறகே சாவியைக் கொடுத்தார். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்ற விதியையும் நினைவூட்டினார். இந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் வண்டியைத் திருப்பித் தந்தபோது, முன்பே இருந்த ஒரு கீறலுக்கு வேறொரு ஊழியர் பணம் கேட்டது வருத்தமளித்தது. முதல் நாளே நான்கு புறமும் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

சோபியாவிலிருந்து ரிலா ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான் என்றாலும், இறுதிப் பகுதி குறுகலான மலைப்பாதை என்பதால், அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.