ருவாஹாவா, நைரேரேவா? தென் தான்சானியாவின் இரண்டு காடுகள்

தான்சானியாவுக்கு விலங்கு பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் வடக்கே செரெங்கெட்டி, ங்கோரோங்கோரோ என்று போய்விடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் கிளையில் படுத்திருக்கும் ஒரு சிறுத்தையைச் சுற்றி வரிசையாக வண்டிகள் முண்டியடிக்கும் அந்தக் கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்குத் தெற்கே இரண்டு தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. ருவாஹா சுமார் 20,000 சதுர கி.மீ., நைரேரே சுமார் 30,000. இரண்டில் எது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: வறண்ட ஆற்றோரம் காத்திருந்து பார்க்க ஆசையா, படகில் உட்கார்ந்து பார்க்க ஆசையா?

வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் உறவுக்காரத் தண்ணீர்தான். ருவாஹாவை ஒட்டி ஓடும் பெரிய ருவாஹா ஆறு கடைசியில் போய்ச் சேர்வது நைரேரேக்குள் ஓடும் ருஃபிஜி ஆற்றில். மேலே வற்றுகிறது, கீழே அகலமாக ஓடுகிறது. ருஃபிஜிக்குப் பெருமளவு நீரைக் கொடுப்பது கிலொம்பெரோ என்ற இன்னொரு ஆறு. அதனால்தான் ருவாஹா ஆறு வற்றினாலும் ருஃபிஜி தப்பித்துக்கொள்கிறது.

பெரிய ருவாஹா முன்பெல்லாம் ஆண்டு முழுவதும் ஓடிய ஆறு. 1993-இலிருந்து மழையில்லாத மாதங்களில் ஓட்டம் அறுந்து போகிறது. மேலே உசாங்குச் சமவெளியில் நெல்லுக்குத் தண்ணீர் எடுப்பது முக்கியக் காரணம். உசாங்குவின் ஈரநிலத்தை 2008-இல் பூங்காவோடு சேர்த்தார்கள். ஆற்றுக்கு இது துயரக் கதை. பார்க்க வருகிறவருக்கோ, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், இதனால்தான் காட்சி கூடுகிறது. செப்டம்பர், அக்டோபரில் மிஞ்சுவது சில மடுக்கள் மட்டும். நீர்யானைகள் அவற்றில் நெருக்கியடித்துக் கிடக்கும். ம்வாகுசி என்ற மணல் ஆற்றில் யானைகள் காலாலும் தும்பிக்கையாலும் ஊற்றுத் தோண்டிக் குடிக்கும். அவை நகர்ந்ததும் மற்ற விலங்குகள் அந்தக் குழிக்கு வரும். சிங்கங்களுக்கு இது தெரியும். இங்கே சிங்கக் கூட்டங்கள் பெரியவை, எருமையையே அடிக்கக்கூடியவை. ஒரு குழியைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டுக் காலை முழுவதும் உட்காரலாம், பின்னால் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள்.

மரங்களையும் சொல்ல வேண்டும். மன்னாரில் அராபியர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லும் அதே பெருக்கமரம், இங்கே மலைச்சரிவு முழுக்க நிற்கிறது. ஈரத்துக்காக யானைகள் பட்டையை உரித்துத் தின்றதில் பல மரங்களுக்கு இடுப்பே இல்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் காடும் தெற்கு ஆப்பிரிக்கக் காடும் சந்திக்கும் இடம் இது. பெரிய குடு, சிறிய குடு என்ற இரண்டு மான்களையும் ஒரே பயணத்தில் பார்க்க முடிவது அதனால்தான்.

நைரேரே வேறு மாதிரி. 2019 வரை இது செலூஸ் காப்புக்காட்டின் பகுதி. செலூஸில் 1970-களில் லட்சத்துக்கும் மேல் இருந்த யானைகள், தந்தவேட்டையால் 2013 கணக்கெடுப்பில் சுமார் 13,000 ஆகிவிட்டன. மறு ஆண்டே யுனெஸ்கோ அதை அபாயத்திலுள்ள உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. யானைக்காகவே போகிறவர்கள் ருவாஹாவைப் பார்க்கட்டும். இங்கே சிறப்பு படகுதான். ருஃபிஜியிலும் அதை ஒட்டிய ஏரிகளிலும் மெதுவாகப் போகும்போது முதலை, நீர்யானை, மீன்கழுகு, கரைப் பொந்துகளில் கூடு கட்டும் பஞ்சுருட்டான்கள் எல்லாம் கண்மட்டத்தில் வரும். கரையில் நிற்பது பனைமரம். நம் பனையின் ஆப்பிரிக்க உறவு, நடுவில் கொஞ்சம் பருத்திருக்கும். தமிழருக்கு ஒரு கணம் ஊர் ஞாபகம் வரும், அப்புறம் அடியில் முதலை தெரியும்.

காட்டுநாய் பார்க்கவும் நைரேரே நல்ல இடம். இது நம் செந்நாய் அல்ல. உடம்பெல்லாம் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் திட்டுத்திட்டாக இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குட்டி போட்டுப் பொந்தை விட்டு அதிகம் நகராது, அப்போது கண்ணில் படும் வாய்ப்பு கூடுதல்.

ஆனால் நைரேரேயில் கூட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். சுற்றுலாவெல்லாம் பெரும்பாலும் வடக்கு ஓரத்தில்தான். சான்சிபார் தீவிலிருந்து சிறு விமானத்தில் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் இப்போது நிறைய. இரவு தங்கி, அவர்கள் வருவதற்கு முன்பே கிளம்புங்கள். போக்குவரத்தில் நைரேரே ருவாஹாவை வென்றுவிடுகிறது: தார் எஸ் சலாம் நகரத்திலிருந்து ஒரே நாளில் சாலை வழியாகவே போய்விடலாம். ருவாஹாவுக்கோ வழியிலுள்ள இரிங்கா ஊர் வரையே சுமார் 500 கி.மீ., அப்புறம் இன்னும் 130. விமானம் ஏறினால் செலவு எகிறும்.

காண்டாமிருகம்தான் வேண்டும் என்றால் இரண்டுமே வேண்டாம், ங்கோரோங்கோரோவுக்கே போங்கள். நாலே நாள், கூடவே குழந்தைகள், கடற்கரையும் பார்க்க வேண்டும் என்றால் நைரேரே. ஒரு வாரம் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது என்றால் நான் யோசிக்காமல் ருவாஹா என்பேன். இரண்டுக்கும் நடுவே சிறு விமானம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் மழையால் பல முகாம்கள் மூடிக்கிடக்கும், அப்போது போகாதீர்கள். மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நீலச் சட்டை, கறுப்புச் சட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். செட்சீ ஈக்களுக்கு அந்த இரண்டு நிறமும் ரொம்பப் பிடிக்கும், துணிக்கு மேலேயே கடிக்கும்.