வாட்டர்ஷெட், வாட்டர்மார்க்: ஓர் ஒப்பீடு

‘வாட்டர்’ என்ற சொல்லோடு இன்னொன்று ஒட்டிப் பிறந்த ஆங்கிலப் பெயர்ச்சொற்களுள், அருவியைக் குறிக்கும் வாட்டர்ஃபால் போன்றவை பார்த்தவுடனே பொருள் தருகின்றன. வாட்டர்ஷெட்டும் வாட்டர்மார்க்கும் அப்படியல்ல.

வாட்டர்ஷெட்டில் உள்ள ‘ஷெட்’ கொட்டகையன்று. பிரிப்பு என்னும் பழைய பொருளுடையது. ஆகவே, மழைநீர் எந்த மேட்டில் விழுந்து இரு வேறு ஆறுகளை நோக்கிப் பிரிகிறதோ, அந்த மேட்டின் கோட்டையே பிரித்தானிய ஆங்கிலம் முதன்மையாக இச்சொல்லால் குறிக்கிறது. வட அமெரிக்காவிலோ, ஓர் ஆற்றுக்கு நீர் வடிந்து சேரும் நிலப்பரப்பு முழுவதற்கும் இதே சொல் வழங்குகிறது. எல்லைக்கும் எல்லைக்குள் அடங்கிய பரப்புக்கும் பெயர் ஒன்றே என்பதால், நீரியல் நூலைப் படிப்பவர் அது எந்த நாட்டில் எழுதப்பட்டது என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. வரலாற்றுத் திருப்புமுனை என்னும் உருவகப் பொருளும், சிறுவர்க்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளைப் பிரித்தானியத் தொலைக்காட்சி ஒளிபரப்பத் தொடங்கும் இரவு 9 மணியைச் சுட்டும் வழக்கும், கோடு என்ற பொருளிலிருந்தே கிளைத்தவை.

வாட்டர்மார்க்கில் இத்தகைய குழப்பம் குறைவு. நீர் ஏறிய உயரத்தைக் காட்டும் தடம் ஒரு பொருள். தாளின் உள்ளே தெரியும் குறி மற்றொன்று. 13ஆம் நூற்றாண்டின் இத்தாலியத் தாள் பட்டறைகளில், சல்லடை அச்சின்மேல் வளைத்துப் பொருத்திய கம்பியின்மீது கூழ் மெல்லியதாகப் படிந்தமையால், வெளிச்சத்தில் பிடித்தால் அவ்விடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. இன்று கணினிப் படங்களின்மேல் மங்கலாக இடப்படும் பெயருக்கும் நீருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் அதற்கும் வாட்டர்மார்க் என்றே பெயர்.