ஏசி தொழிலில் மேலே வர எந்த வழி? குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்காக ஓர் ஒப்பீடு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் எங்கள் தெரு அக்கா ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "தம்பி, இவன் ஏசி வேலைதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கான். ஐடிஐல சேக்கவா, பாலிடெக்னிக்ல சேக்கவா? இல்ல ஒன்கூடவே அனுப்பிரட்டா?" என்றார். பையன் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னான்: "வேல மட்டும் இல்ல மாமா. மேனேஜர் ஆகணும்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேலை கற்றுக்கொள்ள ஒரு வழி போதும். வேலையை நடத்துகிற ஆளாக வர வேறு கணக்கு வேண்டும். நான் 17 வயதில் கையாளாகத் தொடங்கி, வளைகுடாவில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்து, இப்போது நாகர்கோவிலில் எட்டுப் பேரை வைத்து சர்வீஸும் சின்ன காண்டிராக்ட்டும் பார்க்கிறேன். எந்த வழியில் என்ன கிடைக்கும், எங்கே தட்டிப்போகும் என்று பார்த்திருக்கிறேன்.

முதலில், இந்தத் தொழிலில் மேனேஜர் என்றால் யார்? அறைக்கு எத்தனை டன் (ஏசியின் குளிரூட்டும் திறனுக்கான அளவு) வேண்டும் என்று கணக்குப் போடுபவர், எஸ்டிமேட் கொடுப்பவர், யாரை எந்த வேலைக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவர், கஸ்டமர் கோபப்பட்டால் போய் நிற்பவர். நம் மாவட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரிகள், ஜவுளிக்கடைகள், நகைக்கடைகள், கன்னியாகுமரி லாட்ஜுகள், கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் என்று துறைமுகங்கள் இருக்கிற ஊரில் ஐஸ் பிளான்ட் இல்லாமல் மீன் கரை தாண்டாது. சூடாக்குகிற பக்கமும் உண்டு: லாட்ஜுகளின் வெந்நீர் லைன், ஆஸ்பத்திரிகளின் ஸ்டீம், முந்திரி ஆலைகளில் கொட்டை அவிக்கும் பாய்லர். ஏசி படிக்கிற பையன்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பாய்லர் இயக்கத் தனித் தகுதிச் சான்று தேர்வு இருக்கிறது. குளிர், சூடு இரண்டும் தெரிந்த ஆளுக்கு ஆஸ்பத்திரி பராமரிப்பில் நல்ல மதிப்பு.

டன் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு மண்டபத்தில் 300 பேர் உட்காருகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளிடமிருந்து சுமார் 115 வாட் சூடு வெளியேறும். 300 பேருக்கு 34,500 வாட். ஒரு டன் என்பது 3,517 வாட். அப்படியென்றால் ஆள் சூட்டுக்கு மட்டுமே ஏறக்குறைய 10 டன் போய்விடும். மேல்தளத்து வெயில், லைட், வெளிக்காற்று எல்லாம் அதற்குப் பிறகுதான். சதுர அடியை மட்டும் பார்த்து டன் சொல்கிறவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளைக்கு வேர்க்கும், பெண் வீட்டார் நம்மைத் தேடுவார்கள்.

கூட்டிப் போட்டாலும் தப்புதான். நம் ஊரில் வெயிலை விட ஈரப்பதம்தான் ஆளை வாட்டும். சின்ன அறையில் பெரிய ஏசி போட்டால் அறை சீக்கிரம் குளிர்ந்து மெஷின் நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க நேரம் இருக்காது. குளிரும், ஆனால் பிசுபிசுப்பு போகாது. இதைக் கஸ்டமருக்குப் புரியும்படி சொல்லி 2 டன் கேட்டவருக்கு 1.5 டன் கொடுக்கத் தெரிய வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவனைத்தான் நான் மேனேஜர் என்பேன்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கையாளாகப் போவது

நான் வந்த வழி இது என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பீஸ் கிடையாது, முதல் வாரத்திலிருந்தே கையில் காசு. கை பழகும் வேகத்துக்கு இதற்கு ஈடான வழி இல்லை. காப்பர் பைப்பின் முனையை விரித்து ஃபிளேர் அடிக்கும்போது விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் விரலால் தடவிச் சொல்லிவிடும் பழக்கம் எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. கம்பிரஸர் சத்தத்தைக் கேட்டு இது கப்பாசிட்டரா, உள்ளே பிடித்துவிட்டதா என்று ஓரளவு ஊகிப்பதும் அப்படித்தான்.

ஆனால் இந்த வழியில் தப்பும் சேர்ந்தே கைக்குள் போய்விடும். பைப் ஜாயின்ட்டை பிரேசிங் செய்யும்போது, அதாவது தீயில் உலோகத்தை உருக்கி ஒட்டும்போது, உள்ளே நைட்ரஜன் லேசாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் பைப்பின் உட்புறம் கறுத்து, அந்தக் கறுப்புப் பொருக்கு உதிர்ந்து போய், கேஸ் போகும் மெல்லிய குழாயான கேபிலரியை அடைக்கும். நான் கற்ற இடத்தில் நைட்ரஜன் சிலிண்டரே கிடையாது. பைப்புக்குள் இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி வாக்குவம் போடுவதற்குப் பதில் கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிடுவோம். "எதுக்கு அண்ணே?" என்று கேட்டால், "எப்பவும் அப்படித்தான்" என்பதுதான் பதில்.

ஆர்-22 என்ற பழைய ஏசி கேஸ் காலத்தில் இந்தப் பழக்கத்தோடு ஓட்டிவிட முடிந்தது. இப்போது முடியாது. அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ-வின் அழுத்தம் ஆர்-22-ஐ விட ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல். அது இரண்டு கேஸ் கலந்தது என்பதால் திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். ஆர்-32 தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேன்தான், சமையல் கேஸின் சொந்தக்காரன். அடைத்த அறையில் காற்றைத் தள்ள அதைத் திறந்துவிட்டு, பக்கத்தில் பிரேசிங் டார்ச்சைப் பற்றவைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி ஆர்-22 வகையை இந்தியா 2030-க்குள் படிப்படியாக ஒழிக்கிறது. பழைய கையை மட்டும் நம்பி இன்னும் முப்பது வருஷம் ஓட்ட முடியாது.

அடுத்தது காகிதம். நம் மாவட்டத்தில் வளைகுடா கனவு இல்லாத வீடு குறைவு. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகை பாஸ்போர்ட்தான் கிடைக்கும். வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அதற்குத் தனியாக கிளியரன்ஸ் வாங்க வேண்டும். ஆகவே கையாளாகப் போகிற பிள்ளையாக இருந்தாலும் பத்தாம் வகுப்பை மட்டும் விட்டுவிட வேண்டாம். நான் பத்தாவது பாஸ். போய்விட்டேன். ஆனால் டிரேடு சர்டிபிகேட் இல்லை. ஆறு வருஷம் டெக்னீஷியனாகவே இருந்தேன். ஃபோர்மேன் இடம் காலியானபோது எனக்குப் பின்னால் வந்த டிப்ளமோக்காரருக்குப் போனது. அவர் நல்ல மனிதர், சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார். ஆனால் டிராயிங்கை மேஜையில் விரித்துப் படித்தவர் அவர், எனக்கு அது தெரியாது. அன்றைக்கு அந்த இடம் அவருக்குப் போனதில் தப்பில்லை என்று இன்று சொல்வேன். அன்று இரவு மட்டும் தூங்கவில்லை.

மூன்று மாத, ஆறு மாத கோர்ஸ்கள்

இதில் சொல்ல அதிகம் இல்லை. ஏற்கெனவே தொழிலில் இருப்பவர் இன்வெர்ட்டர் போர்டு, விஆர்எஃப் (ஒரே அவுட்டோர் யூனிட்டில் பல அறைகளைக் குளிர்விக்கும் ஏசி), புதிய கேஸ் கையாளும் முறை என்று ஒரு விஷயத்தை மட்டும் கற்கப் போனால் பயன் உண்டு. பத்தாவது முடித்த பிள்ளையை இதில் மட்டும் சேர்த்து, "வேலை உறுதி" என்ற பேனரை நம்பிப் பெரிய பணம் கட்டாதீர்கள். சர்டிபிகேட்டில் யார் கையெழுத்து, அரசு அங்கீகாரம் எது என்று கேளுங்கள். அதற்கு நேரடியாகப் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

கோணத்தில் மூன்று வாசல்

நாகர்கோவில் கோணம் பகுதியில் அரசு ஐடிஐ, அரசு பாலிடெக்னிக், அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி மூன்றும் இருக்கின்றன. ஒரே பஸ்ஸில் வரும் பிள்ளைகள் மூன்று வாசலுக்குப் பிரிந்து போவதைக் காலையில் பார்க்கலாம். மூன்றும் இந்தத் தொழிலுக்கு வரும், ஆனால் வேறு வேறு உயரத்தில் கொண்டுவந்து விடும்.

ஐடிஐ டிரேடின் பழைய பெயர் மெக்கானிக் ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங், இப்போது அதை டெக்னீஷியன் என்கிறார்கள். பத்தாவது பாஸ், இரண்டு வருஷம், முடிவில் தேசிய தொழிற்சான்று. எல்லா ஐடிஐ-யிலும் எல்லா டிரேடும் இருக்காது. சேர்க்கை நேரத்தில் பட்டியலில் டிரேடு பெயரைப் பார்த்துவிட்டு விருப்பம் கொடுங்கள். அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

ஐடிஐ பையனுக்கு மின்சாரமும் தெரியும், பிரேசிங்கும் தெரியும், ஏன் என்ற கேள்விக்குக் கொஞ்சம் பதிலும் தெரியும். எஸ்டிமேட் போடத் தெரியாது, இங்கிலீஷில் ஒரு மெயில் எழுதக் கை நடுங்கும். அப்புறம் ஒரு வருஷம் ஒரு கம்பெனியில் அப்ரென்டிஸாக, அதாவது வேலை பழகுபவனாகப் போனால்தான் ஆள் முழுசாகிறான். 1961-ஆம் வருஷத்து அப்ரென்டிஸ் சட்டப்படி உதவித்தொகையும், முடிவில் தேசிய அப்ரென்டிஸ் சான்றும் கிடைக்கும். பல பேர் ஐடிஐ முடித்த கையோடு விசாவுக்கு அலைந்து இந்த வருஷத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

பாலிடெக்னிக் மூன்று வருஷம். ஏசிக்கென்றே தனி டிப்ளமோ சில இடங்களில் மட்டும்தான் உண்டு. பெரும்பாலானவர்கள் மெக்கானிக்கல் எடுத்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறார்கள். டிராயிங் படிக்கத் தெரியும், வெப்பவியல் கணக்கு தெரியும், சூப்பர்வைசர் என்ற பெயருக்கு நேராக விண்ணப்பிக்க முடியும். குறை, கை. என்னிடம் வந்த ஒரு டிப்ளமோ தம்பி, காற்றின் சூட்டையும் ஈரத்தையும் காட்டும் ஈரக்காற்று வரைபடத்தை எனக்கே அழகாக விளக்கினார். மறுநாள் குளச்சலில் கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் அவுட்டோர் யூனிட்டைத் திறந்தோம். உப்புக்காற்றில் அலுமினியத் தகடுகள் விரல் பட்டதும் உமி மாதிரி உதிர்ந்தன. அவர் பயந்து கையை எடுத்துவிட்டார். கடலோர வீடுகளுக்குப் பூச்சு போட்ட காயில், அடிக்கடி நல்ல தண்ணீர் வாஷ், துருப்பிடிக்காத ஸ்டாண்ட் என்று எஸ்டிமேட்டிலேயே சேர்க்க வேண்டும் என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. இப்போது எஸ்டிமேட் எல்லாம் அவர்தான் போடுகிறார்.

பி.இ. மெக்கானிக்கல் நான்கு வருஷம். பெரிய கட்டடங்களுக்கு டக்ட் (குளிர்காற்று போகும் பெரிய குழாய்), சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் பெரிய மெஷின்) டிசைன் செய்யவும், கன்சல்டன்ட் நிறுவனங்களில் சேரவும், பிராஜெக்ட் மேனேஜர் ஆகவும் இதுதான் நேர்வழி. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, கொச்சி, இல்லாவிட்டால் வளைகுடா. ஊரிலேயே இருந்து சர்வீஸ் கம்பெனி நடத்த ஆசைப்படுகிறவர் இதற்காக வீட்டை அடமானம் வைக்க வேண்டியதில்லை.

வயதை வைத்துப் பார்த்தால்

ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். பத்தாவது முடிக்கும்போது 15 வயது என்றால், 17-ல் ஐடிஐ, 18-ல் அப்ரென்டிஸ், 20-ல் டிப்ளமோ. நேராக டிப்ளமோ போனவர் 18-ல் முடிப்பார், கை பழக்கம் இல்லாமல். பிளஸ் டூ வழியாக பி.இ. போனவர் 21-ல் முடிப்பார். அந்த 20 வயதுப் பையனிடம் மூன்று காகிதமும் இருக்கும், கையும் இருக்கும். ஆசை மிச்சம் இருந்தால் டிப்ளமோவை வைத்து பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரவும் வழி இருக்கிறது.

அதனால் அக்காவிடம் நான் தயங்காமல் சொன்னது ஐடிஐ, அப்ரென்டிஸ், அப்புறம் டிப்ளமோ என்ற வழியைத்தான். வீட்டில் உடனே சம்பளம் தேவை என்றால் மட்டும் ஐடிஐ, அப்ரென்டிஸோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாம், டிப்ளமோவைப் பிறகு பார்க்கலாம். கணக்கில் நல்ல மார்க், டிசைன் மேல் ஆசை என்றால் பி.இ.க்குப் போகட்டும், ஆனால் ஒவ்வொரு லீவிலும் ஒரு சர்வீஸ் டீமோடு சுற்ற வேண்டும். பெண்பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். டிசைன், எஸ்டிமேட், ஆஸ்பத்திரி பராமரிப்பு எல்லாவற்றிலும் நிதானமான ஆட்கள் எங்களுக்குத் தேவை.

எந்தப் படிப்பிலும் சேராத ஒரு பாடமும் இருக்கிறது. நமக்கு இரண்டு மழைக்காலம். மார்ச் முதல் மே வரை போனை எடுக்கவே நேரம் இருக்காது. ஜூனில் சாரல் பிடித்தால் வீட்டு ஏசி வேலை படுத்துவிடும். எட்டுப் பேருக்கும் அப்போதும் சம்பளம் கொடுக்க வேண்டுமே. ஆஸ்பத்திரிகள், கோல்டு ரூம்கள் இவற்றின் வருடாந்தர பராமரிப்பு ஒப்பந்தங்களைப் பிப்ரவரியிலேயே பேசி முடித்திருந்தால்தான் ஆடி மாதம் நிம்மதி. இதை நான் இரண்டு வருஷம் கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்துக் கற்றேன். பையன் எந்த வழியில் போனாலும், நல்ல கம்பெனி ஒன்றில் இரண்டு வருஷமாவது இருந்து இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் சொந்தமாகத் தொடங்கட்டும்.

ஐடிஐ-யில் சேருவதற்கு முன் அதன் ஒர்க்‌ஷாப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று பையனை அனுப்பினேன். மெஷின் புதுசா பழசா என்று பார்க்காதே, மூன்று பொருள் மட்டும் பார் என்றேன்: வாக்குவம் பம்ப், கேஸ் எடை போடும் தராசு, நைட்ரஜன் சிலிண்டர். அது மூன்றும் இருந்து, தூசி படியாமல் இருந்தால் அங்கே சரியாகச் சொல்லித் தருகிறார்கள் என்று நம்பலாம்.

சாயங்காலம் போன் வந்தது. "மாமா, மூணும் இருக்கு. நைட்ரஜன் சிலிண்டர்ல ரெகுலேட்டர் மாட்டித்தான் வச்சிருக்காங்க. ஒரு அண்ணன் அத வச்சி பைப் ஒட்டிட்டு நின்னாங்க."

"நாளைக்கே அப்ளிகேஷன் போட்டுரு மக்கா" என்றேன்.